பாத்திக் துணி விற்று வாங்கிய கிராமம்

மகாபலிபுரத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ போகும்போது ஈ.சி.ஆரில் இஞ்சம்பாக்கத்தைக் கடந்திருப்பீர்கள். அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருப்பது தெரிந்திருந்தும் நம்மில் பலர் வண்டியை நிறுத்தியதில்லை. அடுத்த முறை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓவியமெல்லாம் நமக்குப் புரியாது என்று தயங்க வேண்டாம். மெயின்டனன்ஸ், பொது நிதி, பொதுக்குழு என்று பழகிய நமக்கு அந்த இடத்தின் கதை நன்றாகவே புரியும். அதுவும் ஒரு சங்கம் சேர்ந்து நிலம் வாங்கி உருவாக்கிய குடியிருப்புதான்.

1850-ல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. 1957-ல் அதன் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்து, தந்தித் துறையில் வேலை பார்த்து, பிறகு ஓவியம் படிக்க வந்தவர். தன் மாணவர்கள் படிப்பை முடித்ததும் என்ன ஆவார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. அன்றைய சென்னையில் கச்சேரிக்குச் சபா நிறையும். ஓவியம் வாங்க ஆள் கிடையாது. நன்றாக வரையும் பிள்ளைகள் நெசவாளர் சேவை மையத்தில் புடவை டிசைன் போடப் போனார்கள், அல்லது ஓவிய ஆசிரியர் ஆனார்கள். சில வருடங்களில் சொந்தமாக வரைவது நின்றுபோகும்.

பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி கைவினைப் பொருள்கள். அதற்காகவே ஒரு சங்கம் அமைத்தார்கள். முக்கியமாக பாத்திக். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை நீக்கி, அடுத்த நிறத்துக்கு மறுபடியும் அதே வேலை. கான்வாஸ் படத்துக்குப் பணம் கொடுக்கத் தயங்கியவர்கள் பாத்திக் துணியை ஆசையாக வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் இஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் வாங்கி, 1966-ல் கிராமத்தைத் தொடங்கினார்கள். (இன்று அங்கே ஒரு கிரவுண்ட் என்ன விலை என்று கணக்குப் போட வேண்டாம், தூக்கம் வராது.)

இன்றைய ஈ.சி.ஆர். அப்போது இல்லை. கடற்கரை மணல், முதலில் குடிசைகள். நாளில் ஒரு பகுதி கைவினை வேலைக்கு; மீதி நேரம் அவரவர் ஓவியத்துக்கு, சிற்பத்துக்கு. விற்பனையில் ஒரு பங்கு சங்கத்துக்கு. இந்த ஏற்பாட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சாப்பாட்டுக்குத் துணியும் உலோக வேலையும் இருந்ததால், வாங்குபவரின் ருசிக்காக ஓவியத்தை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. பணிக்கரே 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் ஜாதகக் கட்டம் போலவும் பழைய கையெழுத்து போலவும், படிக்க முடியாத எழுத்துகளால் கான்வாஸை நிரப்பினார். வரவேற்பறை சோபாவுக்கு மேட்ச்சாக இருக்கட்டும் என்று வரைந்த படங்கள் அல்ல அவை.

ராமானுஜம் கதையையும் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பு ஏறாதவர், பேசவே சிரமப்பட்டவர். வேறு எங்கும் ஒட்டாத அவருக்கு இங்கே இடம் கிடைத்தது. பேனாவும் மையும் கொண்டு அரண்மனைகள், விசித்திர மிருகங்கள், நடுவில் தொப்பி போட்ட தானே என்று ஒரு தனி உலகத்தை வரைந்தார். 1973-ல் இளம் வயதிலேயே போய்விட்டார்.

எல்லோரும் அங்கேயே தங்கிவிடவில்லை. நிறுவியவர்களில் ஒருவரான விஸ்வநாதன் 1968-லேயே பாரிஸ் போய் அங்கேயே இருந்துவிட்டார். பணிக்கர் 1977-ல் காலமானார். முதல் தலைமுறையில் பெரும்பாலோர் இன்று இல்லை. ஓவியரின் பிள்ளை ஓவியராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சங்கமும் தீர்மானம் போட முடியாது. பக்கத்து மனைகளின் விலையோ ஏறிக்கொண்டே இருக்கிறது. அறுபது வருடம் தாக்குப்பிடித்த இந்த ஏற்பாட்டுக்கு இனிமேல்தான் கடினமான காலம் என்று எனக்குத் தோன்றுகிறது. போவதென்றால் இப்போதே போய்ப் பாருங்கள்.

2009-ல் திறந்த அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகள் இருக்கின்றன. பணிக்கரின் மகன் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களைத் தவற விடாதீர்கள். அவை சுற்றி வந்து பார்ப்பதற்காகச் செய்தவை அல்ல. முன்னால் நின்று பார்க்க வேண்டியவை. கோயிலில் சுவாமிக்குக் கவசம் சாத்திப் பார்த்த கண்ணுக்கு அவை அந்நியமாகத் தெரியாது. தோட்டத்திலும் சிற்பங்கள் உண்டு. உள்ளே இருக்கும் வீடுகளில் மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள். நம் பிளாக்கில் வெளியாள் நுழைந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன நடக்கும் என்று தெரியும்தானே!

குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். ராமானுஜத்தின் படம் ஏதாவது கண்ணில் பட்டால், அந்தத் தொப்பிக்காரரைத் தேடச் சொல்லுங்கள்.