உடைந்த பற்களின் வரலாறு: ரோட்டரி எஞ்சினும் கால் மைல் ஓட்டமும்

மொழிக் களப்பணிக்காகக் கார் நிக்கோபாரில் தங்கியிருந்த நாட்களில் எழுதிய குறிப்புகளிலிருந்து இது கிளைத்தது. மொழியியல் படித்தவருக்கு எஞ்சினில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கான விடை கட்டுரையின் இறுதியில் உள்ளது.

இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று சுட்டும் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் இருப்பது கார் நிக்கோபார். மலையற்ற, தட்டையான தீவு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் வசமிருந்தபோது, நிக்கோபாரியரின் கட்டாய உழைப்பைக் கொண்டு இங்கே விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. போரின் கடைசி மாதங்களில் உளவாளிகள் என்ற ஐயத்தின்பேரில் தீவினர் பலர் கொல்லப்பட்டனர். அதற்காக 1946இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணை நடந்தது. இன்று இங்குள்ள ஓடுதளம் விமானப்படையின் கையில் இருக்கிறது.

இதே போருக்காக எதிரணியினர் அமைத்த ஓடுதளங்கள் வேறு வாழ்வைப் பெற்றன. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கைவிடப்பட்ட ஓடுதளம், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயக் களமாயிற்று. இலங்கையில் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்த ஓடுதளம், போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையிடம் ‘உகுஸ்ஸா’ என்ற பெயரோடு இருந்தது. சிங்களத்தில் அச்சொல் வேட்டைப் பறவையைக் குறிக்கும். அதுவும் பின்னர் மோட்டார் பந்தயத் திடலாயிற்று. அமெரிக்காவிலோ கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் 1950இல், பயன்பாட்டில் இல்லாத ஓடுதளமொன்றில், நின்ற நிலையிலிருந்து நேர்கோட்டில் பாயும் டிராக் பந்தயம் முறையாகத் தொடங்கியது; மறு ஆண்டே அதற்கென ஒரு தேசிய அமைப்பும் உருவாயிற்று. தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அந்த அளவு அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் முன்பே வேரூன்றியது என்பதற்கு, ‘குவார்ட்டர் ஹார்ஸ்’ என்ற குதிரையினத்தின் பெயரே சான்று.

சோழவரத்தில் வளர்ந்தது வளைவுகளைக் கொண்ட சுற்றோட்டம். இரண்டுக்குமான வேறுபாடு இயந்திரத்தைப் பொறுத்தவரை பெரியது. சுற்றோட்டத்தில் ஒரு பாகம் நெடுநேரம் உழைத்துத் தேய்கிறது. டிராக் ஓட்டத்தில் முதல் நொடியிலேயே முழு விசையும் வந்து மோதுகிறது. பாகம் தேய்வதற்கு நேரமில்லை, முறிகிறது. எனவே டிராக் பந்தயத்தின் வரலாற்றைக் குதிரைத்திறனின் ஏறுவரிசையாக எழுதும் வழக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. எந்தப் பாகம் எப்போது முறிந்தது, அதை வலுப்படுத்தியபின் முறிவு எங்கே இடம்பெயர்ந்தது என்று பின்தொடர்வதே சரியான வரலாறு. அதற்கு ரோட்டரி எஞ்சினைவிடப் பொருத்தமான சான்று கிடையாது.

ஃபெலிக்ஸ் வாங்கெல் ஜெர்மனியின் என்.எஸ்.யூ. நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கிய இவ்வெஞ்சினின் முதல் மாதிரி 1957இல் இயங்கியது. ஆனால் உற்பத்திக்குச் சென்ற அமைப்பு அந்நிறுவனத்தின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கேவினுடையது. கண்டுபிடித்தவர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பிஸ்டன் மேலும் கீழும் செல்வதற்கு மாறாக, இடை குறுகிய நீள்வட்ட அறைக்குள் முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகிறது. சுழலி ஒரு முறை சுற்றுவதற்குள் அதன் அச்சு மூன்று முறை சுற்றிவிடும். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய பட்டைகள் அறைச்சுவரை உரசிக்கொண்டே சென்று வாயுவை அடைத்துவைக்கின்றன.

முதல் முறிவு அங்கேதான். தொடக்கக்காலப் பட்டைகள் அதிர்ந்து அதிர்ந்து சுவரில் அலையலையாகக் கீறல்களை உண்டாக்கின. ஹிரோஷிமாவில் இவ்வெஞ்சினை உரிமம் பெற்று வளர்த்த மஸ்டா பொறியாளர்கள் அவற்றைப் பேயின் நகக்கீறல் என்றனர். கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான குழு கார்பனும் அலுமினியமும் கலந்த பட்டையைக் கொண்டு அதைத் தீர்த்து, 1967இல் காஸ்மோ காரை வெளியிட்டது. அதே ஆண்டில் ரோ 80 என்ற ரோட்டரி காரை விற்ற என்.எஸ்.யூ., அடைப்புப் பட்டைகள் பழுதாகிப் பழுதாகி எஞ்சின்களை இலவசமாக மாற்றிக்கொடுத்தே நலிந்தது. 1969இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் சென்றது. நம் பொது அறிவியல் எழுத்துகள் பெரும்பாலும் இவ்விடத்தோடு கதையை முடித்து, ரோட்டரி ஒரு வலுவற்ற எஞ்சின் என்று தீர்ப்பெழுதிவிடுகின்றன. அதற்குப் பின்னும் கதை நீள்கிறது. நான்கு சுழலிகள் கொண்ட மஸ்டா 787பி, பீங்கான் பட்டைகளோடு 1991இல் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. அது உழைப்பின் சோதனை. டிராக் ஓட்டம் அடியின் சோதனை.

அந்தச் சோதனைக்கு மிகுதியாக உட்பட்டது மஸ்டாவின் 13பி. இரண்டு சுழலிகள், மொத்தம் 1308 கன செ.மீ. தொழிற்சாலையிலிருந்து வந்த டர்போ வடிவங்களில் இது 280 குதிரைத்திறன் வரை தந்தது. டிராக் பந்தயக்காரர்கள் பெரிய டர்போவையும் மெத்தனாலையும் கொண்டு ஆயிரத்தைத் தாண்டினர். முதலில் பழைய எதிரியே வந்தது: எரிபொருள் நேரந்தவறி வெடிக்கும்போது பட்டை உடைந்து, துண்டுகள் வெளியேறும் வழியில் டர்போவின் இறக்கைகளையும் சிதைக்கும். முறியாமல் வளைந்துகொடுக்கும் உலோகக் கலவைகளில் பட்டைகள் செய்யப்பட்டன. உடனே முறிவு எஞ்சினின் உடலுக்குள் நகர்ந்தது.

இந்த எஞ்சின் அடுக்கிவைத்த தட்டுகளைப் போன்றது. வார்ப்பிரும்புப் பக்கத்தட்டுகளுக்கு நடுவே அலுமினிய அறைகளை அடுக்கி, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். விசை பெருகும்போது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று திருகிக்கொள்ள முயல்கின்றன. அவற்றை நேர்நிறுத்தும் டவல் பின்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் பின்தட்டு விரிசல் காண்கிறது. இதற்கு மருந்தாகத் தட்டுகளின் ஊடே புதிய துளைகளிட்டுக் கூடுதல் பின்களைச் செருகினர். போல்ட்டுக்குப் பதில் தடித்த ஸ்டட்களைப் பூட்டினர். பிற்காலத்தில் வார்ப்பைக் கைவிட்டு முழு உலோகக் கட்டியிலிருந்து தட்டுகளைக் கடைந்தெடுத்தனர். சுழலியை வழிநடத்தும் நிலைப்பற்சக்கரத்தில் 34 பற்கள். சுழலியின் உட்புறத்தில் 51. மிகு வேகத்தில் அச்சு வளையும்போது இப்பற்களே அடியை ஏற்பதால், அச்சக்கரத்தைக் கடினப்படுத்தினார்கள். இரு முனைகளில் மட்டுமே தாங்கப்படும் அச்சு வளைந்து சுழலி தட்டில் உரசாதபடி, சுழலியின் பக்கங்களைச் சீவினார்கள்.

எஞ்சின் திருகாமல் நின்றதும் முறிவு கியர்பாக்ஸுக்குச் சென்றது. இங்கே ரோட்டரிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தாழ்ந்த சுற்றில் இதற்கு இழுவிசை குறைவு. எனவே கைமுறைக் கியர் வைத்திருப்பவர் எஞ்சினை உச்சச் சுற்றில் உறுமவிட்டுத்தான் கிளட்சை விடுவார். சுழலும் ஃபிளைவீலில் தேங்கும் ஆற்றல் சுற்றின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. 4000 சுற்றில் விடுவதற்குப் பதில் 8000இல் விட்டால் நான்கு மடங்கு. அவ்வளவும் நொடியின் சிறு பகுதிக்குள் கியர்ப் பற்கள்மீது இறங்குகிறது. அந்த ஒரு கணத்தில் பல்லை முறிப்பது, எஞ்சின் அப்போது ஈனும் விசையைவிட, ஏற்கெனவே சேமித்துவைத்த விசையே என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். பற்கள் ஒன்றையொன்று தள்ளும்போது இரு தண்டுகளும் விலகுகின்றன. அலுமினியப் பெட்டி புடைக்கிறது. முழு முகத்தோடு பொருந்த வேண்டிய பற்கள் நுனியில் மட்டும் தொட்டு, வேரோடு முறிகின்றன.

ஆகவே வலுப்படுத்துதல் பல்லோடு நிற்கவில்லை. தண்டுகள் விலகாதபடி இடையில் தாங்குதட்டு வந்தது. சாய்ந்த பற்களுக்குப் பதில் நேர்ப்பற்கள் வந்தன; அவை ஊளையிடும், ஆயினும் தண்டைப் பக்கவாட்டில் தள்ளா. நிக்கல், குரோமியம் கலந்த உருக்கின் புறத்தோலைக் கடினமாக்கி, அகத்தை இளக்கமாக விட்டனர். சிறு உருக்குமணிகளை வீசியடித்து மேற்பரப்பை அழுத்தத்தில் வைத்தனர். விரிசல் வாய்திறக்க அந்த அழுத்தம் இடங்கொடாது. வேறு சிலர் கைமுறைக் கியரையே துறந்து, செவர்லே 1950இல் அறிமுகப்படுத்திய பவர்கிளைடு என்ற இரட்டைவேகத் தானியங்கிப் பெட்டிக்குச் சென்றனர். அதில் எண்ணெய்தான் முதல் அடியை வாங்குகிறது. குடும்பக் கார்களுக்காகப் பிறந்த பெட்டி, அவற்றில் வழக்கொழிந்து அரை நூற்றாண்டாகியும் டிராக் களத்தில் வாழ்கிறது என்பது எனக்கு வியப்பே. கியர்பாக்ஸும் தாங்கியபின், முறிவு பின் அச்சுக்குப் போயிற்று. மஸ்டாவின் அச்சைக் கழற்றிவிட்டு ஃபோர்டின் ஒன்பது அங்குல அச்சைப் பூட்டினார்கள்.

இவற்றை வெறும் உலோகக் கணக்காகக் கருதலாகாது. 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் களத்தில், டான் கார்லிட்ஸின் வண்டி புறப்பட்ட கணமே அதன் கியர்பெட்டி வெடித்தது. அது ரோட்டரி அன்று, பிஸ்டன் எஞ்சின். அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டிக்கப்பட்டது. எஞ்சினுக்குப் பின்னால், கால்களுக்கிடையே கியர்பெட்டியை வைத்துக்கொண்டு அமர்வதே அன்றைய வழக்கம். அடுத்த ஆண்டு கார்லிட்ஸ் எஞ்சினைத் தமக்குப் பின்னால் வைத்த வண்டியோடு திரும்பினார். சில ஆண்டுகளில் அத்துறை முழுவதும் அவரைப் பின்பற்றியது.

ரோட்டரியை டிராக் களத்துக்கு ஏற்றவாறு வலுப்படுத்திய வேலை பெருமளவில் புவர்ட்டோ ரிக்கோ, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களின் சிறு பட்டறைகளில் நிகழ்ந்தது. அங்கெல்லாம் பழைய மஸ்டா கார்கள் மலிவாகக் கிடைத்தன. அதுவே முதற்காரணம் என்பது என் கருத்து. நம்மிடம் ஓடுதளம் இருந்தது, திறமையும் இருந்தது. சோழவரத்தில் ஃபியட் 1100 எஞ்சினைப் பிழிந்தெடுத்தார்கள். கோவையின் கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். இல்லாதது எஞ்சின்தான். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அதை எல்லைக்கு அப்பால் நிறுத்தின. 1980களில் மஸ்டா என்ற பெயர் இந்தியாவுக்கு வந்தபோது, சுவராஜ் மஸ்டாவின் டீசல் லாரியாகவும் வேனாகவும் வந்தது. பள்ளி வேனில் அப்பெயரைப் படித்து வளர்ந்த என் தலைமுறைக்கு, அதன் மறுமுகம் தெரிய வாய்ப்பில்லை.

இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட ரோட்டரி எஞ்சின், பின்னர், வேறொரு வாயிலாக வந்தது. நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்துக்காகப் பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம், பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களுடன் சேர்ந்து உருவாக்கிய 55 குதிரைத்திறன் வாங்கெல் எஞ்சின் 2009இல் கோலார் அருகே பறந்தது. அதில் பெரிதும் உழைப்பு வாங்கியது, அறைச்சுவரின்மேல் பூசப்பட்ட நிக்கல், சிலிக்கன் கார்பைடு படலம். பேயின் நகக்கீறலுக்கு எதிரான அதே பழைய போர்.

இன்று டிராக் பந்தயம் தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டிகள் நிகழ்கின்றன. பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா அதில் பலமுறை வாகை சூடியவர்.

இனி, மொழியியலுக்கு. கார் நிக்கோபாரில் நான் அடிக்கடி சென்றமர்ந்த இடம், தமிழ்நாட்டிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் வேலை செய்யும் கொட்டகை. கழற்றிய கியர்களை அவர் தகரத் தட்டில் மூன்று குவியலாகப் போட்டுவைப்பார். ஒன்றில் பல் ‘தேஞ்சது’, ஒன்றில் பல் ‘கொட்டுனது’, மற்றொன்றில் பல் ‘முறிஞ்சது’. முதலாவதற்கு அவர் எண்ணெயைக் குறைகூறினார். இரண்டாவதற்கு கிளட்சைச் சரியாக அழுத்தாமல் கியர் மாற்றியவரை. மூன்றாவதற்கு, அதிகப் பாரத்தோடு சட்டென்று கிளட்சை விட்டவரை. உலோகவியலார் தேய்மானம், விளிம்புச் சிதைவு, வேர்முறிவு என்று நுண்ணோக்கியின்கீழ் பிரிப்பதை அவர் வினைச்சொல்லால் பிரித்துவிட்டார். பெயர்ச்சொற்கள் யாவும் கடன்: கியர், கிளட்ச், ஷாஃப்ட், பேரிங். ‘பல்’லும் வினைகளும் மட்டும் தமிழ். கலைச்சொல் அகராதிகளுக்காக நாம் பெயர்ச்சொற்களையே தொகுத்துவருகிறோம்; இந்த வினைகளை நான் எந்தத் தொகுதியிலும் காணவில்லை.

மூன்றாவது குவியலிலிருந்த கியர் ஒன்றை எனக்காக வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். வேரில் முறிந்த முகம் வெல்லக்கட்டியை உடைத்தாற்போலச் சொரசொரப்பாக இருந்தது. அதற்கு மாற்று கேட்டுப் போர்ட் பிளேருக்குச் சொல்லியிருந்தார். அடுத்த கப்பல் எந்த நாளில் என்று அப்போது முடிவாகவில்லை.