சித்திரக்கதை வீரர்களும் திரைப்படமும்

மானிட ஆற்றலைக் கடந்த வீரனைத் திரையில் காட்டும் மரபு, சித்திரக்கதைப் புத்தகங்களினின்று கிளைத்தது. ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சிருஷ்டித்து, 1938ஆம் ஆண்டு ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வெளியிட்ட சூப்பர்மேன், தொடக்கத்தில் பறக்க அறியாதவன். உயர்ந்த கட்டிடங்களைத் தாவிக் கடப்பவன் மட்டுமே. 1941இல் தொடங்கிய பிளைஷர் ஸ்டூடியோவின் கார்ட்டூன் படங்களே, ஓயாத தாவல் கண்ணுக்கு இனிதாக அமையாமை கருதி, அவனுக்குப் பறக்கும் சக்தியை நிலைநாட்டின. இவ்வாறே பேட்மேனின் குகையும் 1943ஆம் ஆண்டுத் தொடர்படத்தில் உருப்பெற்றுப் புத்தகத்திற்குச் சென்றது.

தமிழ் வாசகர் உள்ளத்தில் இம்மரபை ஊன்றியது சிவகாசி. 1972இல் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் பிரசுரமான இக்கதைக்கு ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜேசுஸ் பிளாஸ்கோ சித்திரம் தீட்டினார். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கரம் இழந்து இரும்புக்கரம் பூண்ட லூயி கிராண்டேல், மின்சாரம் உடலிற் பாய்ந்தால் சிறிது நேரம் மறைந்துபோவான். ஆயினும் அந்த இரும்புக்கை மட்டும் பிறர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆற்றலோடு அதன் எல்லையும் ஒருங்கே பிறந்த இந்த அமைப்பே அக்கதையின் ஜீவன் என்பதில் ஐயமில்லை. 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸ் வாயிலாகத் தமிழுக்கு வந்த ‘ஸ்பைடர்’ கதைகளிற் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனின் கர்த்தாவாகிய அதே சீகல் என்பது விசேஷம்.

திரைப்படம் இச்செல்வத்தைக் கையாண்ட விதம் ஒரே சீரானதன்று. மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) வேஷத்தையும் இரட்டை வாழ்வையும் எடுத்துக்கொண்டது. ‘கே.ஜி.எஃப்.’ (2018, 2022) என்னும் கன்னடப் படங்கள் சித்திரக்கதை எதனையும் மூலமாகக் கொண்டவை அல்லவெனினும், அவற்றின் நாயகன் எல்லையற்ற பலசாலியாகவே வரையப்பட்டான். அப்படங்களின் களமாகிய கோலார் தங்கவயலில், மாரிகுப்பம் முதலிய குடியிருப்புகளில் தலைமுறைகளாக வாழ்ந்து, 2001இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்து வெப்பத்தில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் மெய்யான வீரமோ, உடலின் எல்லையை ஒவ்வொரு நாளும் அறிந்த வீரம். மடோன் அஷ்வினின் ‘மாவீரன்’ (2023) இவ்விரு வகைப் படங்களினும் மேம்பட்டது: அஞ்சி ஒடுங்கும் சித்திரக்காரன் ஒருவன், தான் வரைந்த வீரனின் கதையை உரைக்கும் குரலுக்கே கட்டுப்பட நேர்வதால், பழைய புத்தகங்களின் உயிர்நாடி அதில் துடிக்கிறது.

‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் ஒரு படத்தை இயக்க லோகேஷ் கனகராஜ் திட்டமிட்டிருப்பது நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. அதனை எவர் எடுப்பினும், மாயாவி மறையும்போதும் மறையாத அந்தக் கையை மறைத்துவிடலாகாது.