பாலத்தைத் தாண்டியவர் பர்பாங்க் வந்து சேரவில்லை

சென்ற வாரம் 1962 பிப்ரவரி 10-ம் தேதி காலையில், க்ளீனிக்கே பாலத்தின் நடுவில் நிறுத்தியிருந்தோம். ஒரு பக்கமிருந்து சோவியத் உளவாளி ருடால்ஃப் ஆபெல் நடக்கிறார்; எதிர்ப்பக்கமிருந்து அமெரிக்க விமானி ஃபிரான்சிஸ் கேரி பவர்ஸ் நடக்கிறார். ஸ்பீல்பெர்க்கின் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடும். பவர்ஸுக்கோ அதற்குப் பிறகும் பதினைந்தரை வருட ஆயுள் பாக்கி இருந்தது. உளவு வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பதினைந்தரை வருடத்தை ஒரு பத்தியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கென்னவோ, அந்த மனிதர் யார் என்பது அங்கேதான் தெரிகிறது என்று படுகிறது.

ஊர் திரும்பியவருக்கு ஆரத்தி எடுக்க யாரும் காத்திருக்கவில்லை. 'ஏன் உயிரோடு வந்தாய்?' என்பதுதான் பல பேர் மனதில் இருந்த கேள்வி. 1960 மே 1-ம் தேதி, சோவியத் நாட்டுக்கு மேலே 70,000 அடி உயரத்தில் அவருடைய யு-2 உளவு விமானம் ஏவுகணையால் சிதைந்தபோது, விமானத்தை வெடிக்கவைக்கும் பொத்தானை ஏன் அழுத்தவில்லை? ஒரு வெள்ளி டாலர் நாணயத்துக்குள் விஷ ஊசி ஒளித்துக் கொடுத்தனுப்பினார்களே, அதை ஏன் குத்திக்கொள்ளவில்லை? அந்த ஊசியைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று யாரும் அவருக்கு உத்தரவு போட்டதில்லை. ஆனால் பத்திரிகைத் தலையங்கங்களுக்கு அதெல்லாம் எதற்கு? அது வெறும் வானிலை ஆராய்ச்சி விமானம் என்ற கட்டுக்கதையை ஐசனோவர் அரசாங்கம் உலகத்துக்குச் சொல்லி முடித்த பிறகு, 'உங்கள் விமானி எங்களிடம் உயிரோடு இருக்கிறார்' என்று சோவியத் தலைவர் குருஷேவ் சிரித்துக்கொண்டே அறிவித்தார். அந்த அவமானத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. பவர்ஸின் முகம் வசதியாகக் கையில் இருந்தது.

விசாரணைகள் நடந்தன. சி.ஐ.ஏ. நியமித்த குழு, அவர் கடமை தவறவில்லை என்றது. செனட் கமிட்டி முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னார், கைதட்டக்கூடச் செய்தார்கள். இருந்தும் 1963-ல் மற்ற யு-2 விமானிகளுக்கு சி.ஐ.ஏ. விருது கொடுத்தபோது இவர் பெயர் பட்டியலில் இல்லை. இரண்டு வருடம் கழித்து, 1965-ல்தான் கொடுத்தார்கள்.

பறக்கிறவர்களின் உலகம் மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. யு-2 விமானத்தை வடிவமைத்த கெல்லி ஜான்சன், கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரில் இருந்த லாக்ஹீட் நிறுவனத்தில் பவர்ஸுக்குச் சோதனை விமானி வேலை போட்டுக்கொடுத்தார். எந்த விமானத்தோடு விழுந்தாரோ, அதே ரக விமானத்தை இன்னும் ஏழெட்டு வருடம் ஓட்டிப் பரிசோதித்தார். யு-2 விளையாட்டுச் சாமான் அல்ல. உச்சியில் பறக்கும்போது கொஞ்சம் வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது. கொஞ்சம் கூடினால் உடம்பு நடுங்கிப் பிய்ந்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த மெல்லிய இடைவெளியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இருக்கையில் மறுபடியும் ஏற்றி உட்காரவைத்ததை விடவா ஒரு நற்சான்றிதழ்! சம்பளம் என்னவோ லாக்ஹீட் கவரில் வந்தாலும், பணம் சி.ஐ.ஏ.வுடையது. 1970-ல் பவர்ஸ் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். அதே வருடம் வேலை போயிற்று.

நாற்பது வயதில், உலகம் முழுக்கத் தெரிந்த பெயரோடு, வேலை தேடுவது சங்கடமான காரியம். அவருக்குத் தெரிந்தது பறப்பது ஒன்றுதான். அதைக் காசாக்க லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வழி இருந்தது: போக்குவரத்து நெரிசல்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்த ஊரின் வானத்தைப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் காலையிலும் மாலையிலும் லட்சக்கணக்கான பேர் காருக்குள் அடைபட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார்கள். எந்தச் சாலை அடைத்திருக்கிறது, எங்கே லாரி கவிழ்ந்திருக்கிறது என்று மேலே இருந்து பார்த்துச் சொல்ல ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பறக்கும் குரல் தேவைப்பட்டது. 1958-ல் கே.டி.எல்.ஏ. டிவி நிலையத்தின் பொறியாளர் ஜான் சில்வா, ஒரு ஹெலிகாப்டருக்குள் கேமராவையும் ஒளிபரப்புக் கருவியையும் திணித்து, உலகத்தின் முதல் டிவி செய்தி ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார். அதற்கப்புறம் அந்த நகரத்தில் காட்டுத்தீயோ, போலீஸ் துரத்தலோ, மேலிருந்து பார்க்காமல் செய்தியே இல்லை என்றாகிவிட்டது.

அந்த வேலையைச் செய்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம். ஒளிபரப்பில் போட்டி நிலையங்கள்; வானத்திலோ ஒருவர் குரலை இன்னொருவர் வயர்லெஸ்ஸில் கேட்டே அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குப் பழக்கம். 'நான் உனக்கு வலப்பக்கம், ஆயிரம் அடியில்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது மரியாதைக்காக அல்ல, உயிருக்காக. அந்தக் கூட்டத்துக்குச் சாவு புதிதல்ல. கே.எம்.பி.சி. ரேடியோவின் போக்குவரத்துக் குரலாக நகரமே அறிந்திருந்த மேக்ஸ் ஷூமாக்கர், 1966 ஆகஸ்டில் போலீஸ் ஹெலிகாப்டர் ஒன்றுடன் நடுவானில் மோதி இறந்தார். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜிம் ஹிக்லின். அவர் வானத்தில் சாகவில்லை; 1973-ல், விடுமுறைக்குப் புறப்பட இருந்த பயணிகள் கப்பலில், அவர்மீது வன்மம் வளர்த்திருந்த ஒருவன் சுட்டுக் கொன்றான். ஒரே நிலையத்தின் ஒரே இருக்கை, ஏழு வருடத்துக்குள் இரண்டு பேர். காரில் போகிறவர்கள் தினமும் கேட்ட குரல் ஒரு நாள் கேட்காமல் போனால், முகம் பார்த்திராதவர்கள்கூட வீட்டில் ஒருவர் போன மாதிரி உணர்ந்தார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள்தான் பவர்ஸ் வந்து சேர்ந்தார். முதலில் கே.ஜி.ஐ.எல். ரேடியோவுக்காகச் சிறிய விமானத்தில் சுற்றி, நெரிசல் நிலவரம் சொன்னார். பிறகு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, 1976-ல் கே.என்.பி.சி. நாலாம் சேனலுக்குப் போனார். வண்டி, பெல் ஜெட்ரேஞ்சர். அதே வருடம் அவர் வாழ்க்கையை டிவி படமாக எடுத்தார்கள். பவர்ஸாக நடித்தவர் 'ஆறு மில்லியன் டாலர் மனிதன்' லீ மேஜர்ஸ். கதாநாயகன் திரையில் சோவியத் வானத்தில் பறந்துகொண்டிருக்க, அசல் ஆள் லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலைகளுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தார். உளவு பார்த்தவர் கடைசியில் ஊர்ப் போக்குவரத்தைப் பார்க்க வேண்டியதாயிற்றே என்று பரிதாபப்படத் தோன்றும். ஆனால் பறப்பதற்கென்றே பிறந்தவனுக்கு வானத்தில் கௌரவமான உயரம், கௌரவக் குறைவான உயரம் என்று எதுவும் கிடையாது.

1977 ஜூலைக் கடைசியில் சாண்டா பார்பரா மலைச்சரிவில் பெரிய தீ. யாரோ விட்ட பட்டம் மின்கம்பியில் சிக்கியதில் பற்றியது; சுமார் 200 வீடுகள் சாம்பல். அந்த வட்டாரத்தின் காட்டுத்தீயைப் படம்பிடிக்க ஆகஸ்ட் 1-ம் தேதி பவர்ஸும், கேமராமேன் ஜார்ஜ் ஸ்பியர்ஸும் போனார்கள். படம் எடுத்தாகிவிட்டது. திரும்பி பர்பாங்க் விமான நிலையத்துக்கு வர வேண்டும். சில மைல் பாக்கி இருக்கும்போது எரிபொருள் தீர்ந்தது. என்ஸினோ பகுதியில், செபுல்வேடா அணையை ஒட்டிய பொழுதுபோக்குத் திடலில் ஹெலிகாப்டர் விழுந்தது. இரண்டு பேரும் அங்கேயே இறந்தார்கள். பவர்ஸுக்கு 47 வயது. பதினாறு நாள் போனால் 48.

எஞ்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் ஊர்க் காடுகளில் தணக்கு மரத்தின் விதை, இரண்டு இறக்கையும் சுழலச் சுழல நிதானமாக இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். எஞ்ஜின் செத்த நொடியிலேயே விமானி இடது கைப் பக்கத்து நெம்புகோலைக் கீழே தள்ளிவிட வேண்டும். அப்போது மேலே இருக்கும் இறக்கைகள் படுத்துக்கொள்ளும். கீழிருந்து மேலே பாயும் காற்றே அவற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். ஒன்றிரண்டு நொடி தாமதித்தால் சுழற்சி குறைந்து, பிறகு எந்த வித்தையும் உதவாது. தரைக்குக் கிட்டத்தில் வந்ததும் மூக்கைத் தூக்கி வேகத்தை உடைத்து, கடைசியாக நெம்புகோலை மேலே இழுக்க வேண்டும். சுழலும் இறக்கையில் மிச்சமிருக்கும் சக்தியெல்லாம் அந்த ஒரே இழுப்பில் செலவாகிவிடும். இரண்டாவது இழுப்பு கிடையாது. எனவே எங்கே இறங்குவது என்று ஒரு தடவை முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

பவர்ஸ் அந்த முடிவைக் கடைசி நேரத்தில் மாற்றினார் என்பது அவர் குடும்பத்தார் சொல்லிவரும் செய்தி. இறங்க நினைத்த இடத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். அந்தத் திருப்பத்தில்தான் இறங்கும் கணக்கு கெட்டது என்கிறார்கள். தரையில் யாருக்கும் காயமில்லை.

செய்தி பரவியதும் ஊர் பேசியது ஒரு விதம், விமானிகள் பேசியது வேறு விதம். 'உலகத்தின் உச்சியில் பறந்தவன், பெட்ரோல் போட மறந்து செத்தானாம்' என்பது வெளியே. உள்ளேயோ, ஒரு விமானி இறந்தால் பறக்கிறவர்கள் துக்கம் கேட்கும் முறையே தனி. 'ஐயோ' என்று சொன்ன அடுத்த மூச்சில் 'டேங்கில் எவ்வளவு இருந்தது? எத்தனை மணிக்குக் கிளம்பினார்? எந்த உயரத்தில் எஞ்ஜின் நின்றது?' என்று கேட்பார்கள். வெளியாளுக்கு இது ஈரமில்லாத பேச்சாகப் படும். செத்தவன்மேல் குற்றம் தேடுகிறார்களே என்று அவன் மனைவிக்கும் ஒருவேளை படலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவன் மறுநாள் காலை அதே ரக வண்டியில் ஏறப் போகிறவன். காரணம் தெரியாமல் ஏறினால் கை நடுங்கும். விழுந்த திடலுக்கு வடக்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், வான் நைஸ் விமான நிலையம் இருக்கிறது. அங்கே ஏன் இறங்கவில்லை என்பதையும் அவர்கள் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

விசாரணை செய்தவர்கள் விமானியின் பிழை என்றே முடித்தார்கள். சட்டத்தில் வேறு முடிவுக்கு இடமும் இல்லை. வண்டியில் எரிபொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது ஓட்டுகிறவன் பொறுப்பு. இன்றைய அமெரிக்க விதிப்படி, கண்பார்வையை நம்பிப் பறக்கும் ஹெலிகாப்டர் போய்ச்சேர்ந்த பிறகும் 20 நிமிடத்துக்கான எரிபொருள் மிஞ்சுகிற மாதிரிதான் கிளம்பவே வேண்டும்.

மகன் கேரி பவர்ஸ் ஜூனியர் இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார். அந்த ஹெலிகாப்டரின் எரிபொருள் முள் சரியில்லாமல் இருந்ததாம். அப்பாவுக்கு அந்தக் கோளாறு அத்துப்படி. முள் காட்டுவதில் கூட்டிக் கழித்து, உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பறந்துகொண்டிருந்தார். ஒரு நாள் முள்ளைச் சரிசெய்துவிட்டார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. சரியான முள்ளை அவர் தவறான முள் என்றே நம்பிப் படித்தார்.

இந்த விளக்கத்தில் மகனின் பாசம் கலந்திருக்கலாம். ஆனாலும் எந்த விமானப் பட்டறைக்காரரைக் கேட்டாலும், இது நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டார். எந்தக் கோளாறையும், எந்தப் பழுதுபார்ப்பையும் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று இத்தனை பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். வாயால் சொல்லிக்கொள்கிற இடத்தில், ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் ஆள் போய்விடுகிறது. பவர்ஸ் பக்கமும் தப்பு உண்டு என்றே நினைக்கிறேன். கோளாறான முள்ளோடு சமாளித்துப் பறப்பது சாமர்த்தியம் மாதிரி தோன்றும். ஆனால் அன்றைக்கே தரையில் நிறுத்தியிருக்க வேண்டிய வண்டி அது.

பவர்ஸை ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். படைவீரர்கள் நடுவில் இடம் கிடைத்தது. படைவீரனுக்குரிய பதக்கங்கள் வரவில்லை. அதற்கு இன்னும் 23 வருடம் ஆயிற்று. யு-2 திட்டம் விமானப்படையும் சி.ஐ.ஏ.வும் சேர்ந்து நடத்தியது என்பதைக் காட்டும் ஆவணங்கள் 1998-ல் வெளியே வந்த பிறகே கதவு திறந்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட நாற்பதாவது ஆண்டு நிறைவில், 2000 மே 1 அன்று, யு-2 விமானங்களின் தாய்வீடான கலிஃபோர்னியாவின் பீல் விமானப்படைத் தளத்தில், போர்க்கைதிப் பதக்கமும் சிறப்புப் பறத்தலுக்கான சிலுவைப் பதக்கமும் குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட்டன. சோவியத் சிறையில் கிடந்தபோது விசாரணைக்கு வளைந்துகொடுக்காமல் இருந்ததற்காக வெள்ளி நட்சத்திரப் பதக்கம் 2012-ல் வந்தது. வாங்கிக்கொண்டவர்கள் பேரப்பிள்ளைகள்.

பாலத்தில் எதிரே நடந்துபோனாரே ஆபெல், அவருக்கு அவருடைய நாடு இவ்வளவு தாமதம் செய்யவில்லை. மாஸ்கோவில் வரவேற்பு, பதவி, மரியாதை எல்லாம் உயிரோடு இருக்கும்போதே கிடைத்தன. 1971-ல் இறந்தார், 1990-ல் தபால்தலையே போட்டார்கள். ஆனால் அவர் கல்லறைக் கல்லில் ருடால்ஃப் ஆபெலோடு இன்னொரு பெயரும் செதுக்கப்பட்டிருந்தது: வில்லியம் ஃபிஷர். பிறந்த ஊர், இங்கிலாந்தின் நியூகாசில். அந்த ஆள் எப்படி ரஷ்ய உளவாளி ஆனார் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)