வடக்கின் ஒஸ்ரின் ஏ40 கார்கள்

ஒஸ்ரின் ஏ40 என்பது இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1947இல் தொடங்கிய, 1200 சிசி எஞ்சின் கொண்ட கார் வரிசை. இலங்கையின் வடக்கில், சிறப்பாக யாழ்ப்பாணத்தில், அரை நூற்றாண்டுக்கு மேல் வாடகைக் காராகவும் கல்யாணக் காராகவும் ஓடியது.

இரண்டாம் உலகப் போரால் கடனாளியான பிரித்தானியா, தான் செய்த கார்களில் பெரும்பங்கை ஏற்றுமதிக்கே ஒதுக்கியது. டெவன் (1947), சோமசெற் (1952), கேம்பிறிட்ஜ் (1954) ஆகிய வகைகள் இலங்கைக்கு வந்தது அப்படித்தான். அக்கரையில், சென்னை எண்ணூரில், அசோக் மோட்டோர்ஸ் 1949இல் இதே காரைப் பூட்டத் தொடங்கியது. பின்னர் லொறிகளுக்கு மாறி 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1950களின் பிற்பகுதியில் இலங்கையின் வாகன இலக்கத் தகடுகளுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் எதிர்ப்பு எழுந்தது. அதற்கு முன் பதிவான ஏ40களில் ஆங்கில எழுத்துகளே இருக்கும்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1977 வரை புதுக்கார் எட்டாக்கனி. பழையதைக் கழற்றிப் பூட்டி ஓட்டும் கைத்திறன் கராச்சுகளில் வளர்ந்தது இக்காலத்தில்தான்.

1990 யூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்டது. திருகோணமலைச் சீனன்குடாவில் பிரித்தானியக் கடற்படைக்கெனக் கட்டிய பென்னம்பெரிய எண்ணெய்க் குதங்கள் நிற்கும் அதே தீவில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில் விலைபோனது. ஏ40 அப்போது மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சிறிது பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கரும்புகை கிளம்பும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் கலக்கும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். புதிய ஜப்பானியக் கார்களைவிட ஏ40 இதைத் தாங்கியதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1940களின் பிரித்தானியாவில் தரங்குறைந்த பெற்றோலே கிடைத்ததால், எஞ்சினின் அழுத்த விகிதத்தை ஏறத்தாழ 7:1 என்ற அளவில் குறைத்தே வைத்திருந்தார்கள்; அதுவே மண்ணெண்ணெய்க்கும் தோதானது. ஒரு தேசத்தின் பஞ்சத்துக்காகச் செய்த எஞ்சின், வேறொரு மக்களின் முற்றுகைக் காலத்தில் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தது.

2009இல் போர் முடிந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் புதிய வாகனங்கள் வந்து குவிந்தன. வாடகைத் தரிப்பிடங்களில் ஏ40கள் குறைந்தன. சில கல்யாண அலங்காரத்துக்கும் சேகரிப்பாளரின் கொட்டகைக்கும் போயின. புதுப்பிக்கும்போது ஜப்பானிய எஞ்சின் பூட்டுவது உண்டு, ஓட்டம் இலகுவாகும் என்பதற்காக. தொழிற்சாலை மெருகுக்கே திருப்புவதும் உண்டு. இரண்டிலும் முதலில் கழன்று போவது, உள்ளூர் மெக்கானிக்குகள் மண்ணெண்ணெய்க்கெனச் செய்த மாற்றங்கள். இந்த வண்டிகளின் வரலாற்றில் விலைமதிப்பற்ற பகுதி அதுவே.