பழைய ஆம்பிளிபயர் ஏன் அவ்வளவு கனம்?



வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பாட்டு கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் 1970களின் ஜப்பான் ஸ்டீரியோ ஆம்பிளிபயர்களை இன்றும் தேடித்தேடி வாங்குகிறார்கள். பயோனியர், சான்சுய், மரான்ட்ஸ், கென்வுட் என்று பெயரைக் கேட்டாலே விலை ஏறுகிறது. "அந்தக் காலத்துப் பொருள், நல்ல கனம்" என்பார்கள். அந்தக் கனத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் வாங்கும்போதும் உதவும்.

நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் சின்ன டேப் ரெக்கார்டரின் நெற்றியில்கூட "பி.எம்.பி.ஓ." என்று நூற்றுக்கணக்கான வாட்ஸ் அச்சடித்திருப்பார்கள். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரோ கைக்குள் அடங்கிவிடும். பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. கண் இமைக்கும் நேரத்து உச்சத்தை வைத்து அவரவர் போட்ட எண் அது.

இதே கூத்து அமெரிக்காவில் 1960களிலேயே நடந்தது. 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்தன. வால்வு செட்டுகள் போய் டிரான்சிஸ்டர் செட்டுகள் வந்தன. போட்டி முற்றியது. "மியூசிக் பவர்", "பீக் பவர்" என்று புதுப்புதுப் பெயர்கள். இரண்டு சேனலையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவதும் உண்டு. உண்மையில் 20 வாட்ஸ் தரும் செட், விளம்பரத்தில் 100 வாட்ஸைத் தாண்டிவிடும்.

இதற்கு முடிவு கட்டியது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன். 1974 நவம்பரில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு சேனலுக்கு எத்தனை வாட்ஸ், எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எந்த அலைவரிசை முழுவதும், எவ்வளவு சிதைவுக்குள் என்று நான்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அதற்கும் முன்பாக, சொன்ன சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும்.

இந்த மூன்றில் ஒரு பங்குதான் சூட்சுமம். இவ்வகை ஆம்பிளிபயர்களில் டிரான்சிஸ்டர்கள் கடுமையாகச் சூடாவது முழுச் சக்தியில் ஓடும்போது இல்லை, ஏறக்குறைய இந்த அளவில்தான். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கப் பெரிய அலுமினிய ஹீட் சிங்க் வேண்டும், பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும். பொய் சொல்ல வழியில்லாதபோது இரும்பும் செம்பும் போட்டே ஆக வேண்டியதாயிற்று.

ஜப்பான் கம்பெனிகளுக்கு அது சாதகமாக அமைந்தது. 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்ற நிலையான மதிப்பு இருந்ததால், அவர்களின் பொருள் அமெரிக்காவில் மலிவு. வியட்நாம் போர்க்கால அமெரிக்கச் சிப்பாய்கள் ராணுவக் கடைகளில் ஜப்பான் செட்டுகளை வாங்கி ஊருக்குக் கொண்டுபோய் பெயர் பரப்பினார்கள். 1974-க்குப் பிறகு யார் பெரியவர் என்ற போட்டி. 1978-ல் வந்த பயோனியர் எஸ்.எக்ஸ்.-1980, சேனலுக்கு 270 வாட்ஸ். எடை சுமார் 35 கிலோ! யென் மதிப்பு ஏறியது, மக்கள் ரசனை சிறிய செட்டுகளுக்கு மாறியது, 1980களில் அந்தப் பந்தயம் ஓய்ந்தது.

சரி, வாங்குபவர் கவனிக்க வேண்டியவை:

1. வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். சாதாரண அறைக்கு 30, 40 வாட்ஸ் தாராளம்.

2. முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டு செட் 100 வோல்ட், அமெரிக்க செட் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம்.

3. நெடுநாள் ஓடாத செட்டை முதலில் சீரிஸ் பல்பு வழியாக ஓட்டச் சொல்லுங்கள். பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்.இ.டி. உதவாது. பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

4. ஸ்பீக்கரை மாட்டும் முன், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து டி.சி. பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கர் கருகிவிடும்.

5. வால்யூம் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் தூசிதான், கிளீனரில் போய்விடும். வறண்ட கண்டென்சர்களை மாற்றலாம். பவர் டிரான்சிஸ்டர் போயிருந்தால் யோசியுங்கள். அசல் கிடைப்பது கடினம், போலிகள் நிறைய.

கனமான செட்டெல்லாம் நல்ல செட் ஆகிவிடாது. ஆனால் அந்த ஆறேழு ஆண்டுகளில் வந்தவை, சொன்ன சக்தியைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறந்தவை. ஒரு சரியான அளவுகோல் வந்தால் பொருளின் தரமே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது பழைய செட் தூங்குகிறதா? பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், சேர்ந்து படிப்போம்.