தோட்டாக் கூட்டின் அளவு: சூடான் தந்த பாடம்

குழலின் பின்முனையிலுள்ள அறைக்குப் பொருந்தாத தோட்டாக் கூடு, துப்பாக்கியை வெறும் தடியாக்கிவிடும். இதைப் பிரிட்டிஷ் படை உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது.

1860களில் ஸ்னைடர் துப்பாக்கிக்காக எட்வர்டு பாக்ஸர் வடிவமைத்த தோட்டாவின் கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. 1871இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றிக்கும் அத்தகைய கூடே அமைந்தது. 1885 ஜனவரி 17 அன்று சூடானின் அபு கிளியாப் போரில், சூடும் மணலும் சேர, சுட்ட கூடுகள் அறைக்குள்ளேயே சிக்கின. மறுதோட்டா இட இயலாமல் வீரர்கள் திணறினர். அதன்பின் ஒரே பித்தளைத் துண்டை இழுத்து உருவாக்கும் கூடு நிலைபெற்றது.

வெடிக்கையில் விரிந்து அறையை அடைப்பதும், உடனே சற்றுச் சுருங்கி வெளியேற இடம்தருவதும் பித்தளையின் இயல்பு. ஆயினும் அது பழைய அளவுக்கு முழுதாகத் திரும்புவதில்லை. சுட்ட கூட்டை மீண்டும் நிரப்புவோர் அளவு திருத்தும் அச்சை நாடுவது இதனாலேயே. கையால் இயக்கும் துப்பாக்கிக்குக் கூட்டின் கழுத்தை மட்டும் திருத்தும் அச்சு பெரும்பாலும் போதும். 1936இல் அமெரிக்கப் படை ஏற்ற எம்1 காரண்ட் போன்ற அரைத் தானியங்கிக்கோ கூடு முழுவதையும் திருத்தும் அச்சே தகும். அங்கே தோட்டாவை உள்ளே செலுத்துவது கையன்று, சுருள்வில். தடித்த கூட்டை அது முழுதாக உள்ளே தள்ளாது. அளவுக்கு மீறிக் குறுக்கினாலோ, அடுத்த வெடிப்பில் கூடு நீண்டு அடிப்பகுதியருகே பிளக்கக்கூடும்.

அபு கிளியாவில் வீரனின் கையில் நின்ற சிக்கல், இன்று கூடு நிரப்புவோரின் மேசையில் நிற்கிறது.