படத்துக்குக் கீழே யார் பேர்?

1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்காரக் கேப்டன் திருவரங்கத்துக்கும் திருச்சிக்கும் காமிராவோடு வந்தார். மதராஸ் அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த புகைப்படக்காரர். மண்டபம், கோபுரம், மலைக்கோட்டை எல்லாம் அவர் படங்களில் துல்லியமாக இருக்கின்றன. ஆள்தான் அநேகமாக இல்லை. காகித நெகடிவில் ஒளி பதிய நேரமாகும், நடமாடுகிறவர் உருவம் தங்காது என்பார்கள். சரிதான். நின்றால் பதியும். ஆனால் நம்ம சனம் அங்கே எப்படி நிற்கும்? மதராஸ் மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்ததே 1947-இல்தான்.

பிறகு காமிரா நம்மைத் தேடியும் வந்தது. எதுக்கு? 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்று எட்டுத் தொகுதிகள் போட்டார்கள். 1909-இல் எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார்கள். தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மண்டையையும் மூக்கையும் அளந்தவர். இந்தப் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பேர் கிடையாது, சாதிப் பேர்தான். தாயும் பிள்ளையும் சேர்ந்து நின்றாலும் அவர்களுக்கு அது குடும்பம் இல்லை, மாதிரி.

தன்னைத் தானே காட்டிக்கொள்ள நம்மாளுக்குக் கிடைத்த முதல் இடம் ஸ்டூடியோ. எங்க தாத்தா பொன்மலை ரயில்வே பட்டறையில் கூலி. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஸ்டூடியோவில் ஆத்தாவோடு எடுத்துக்கிட்ட ஒரே படம் எங்க வீட்டில் இருக்கு. கோட்டும் கைக்கடிகாரமும் ஸ்டூடியோக்காரருடையது. பின்னால் படுதாவில் மாளிகை. செருப்பு மட்டும் தாத்தாவுடையது. ‘இரவல் கோட்டு’ என்று இதைப் பார்த்துச் சிரிக்கிற படிச்சவங்க உண்டு. சொந்த ஊரில் மேலத்தெருவுக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கிட்டு நடந்த மனுசன், அதைக் காலில் போட்டுக்கிட்டு நிமிர்ந்து நிற்கிறார். அது வேசமில்லை, வழக்கு.

இன்றைக்கும் மலக்குழியில் செத்தவர்களின் வீடுகளுக்குப் போகிறேன். சில வீட்டில் மாலை போடப் படமே இல்லை. ரேசன் கார்டில் இருந்த முகத்தைப் பெரிசு பண்ணி மாட்டியிருக்காங்க. வருகிற பத்திரிகைக்காரரோ ஒப்பாரியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடறார்.

நம் பக்கத்திலிருந்தே காமிரா பிடித்தவர்கள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். மதுரையைச் சேர்ந்த பழனிக்குமார், மீன் விற்கிற தாயின் மகன். ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களையும், மீன் சந்தையில் நிற்கும் தன் அம்மாவையும் எடுத்திருக்கிறார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் ஊர் திரும்பித் தன் சொந்த வீட்டையே எடுத்தார். எடுக்கிறவரும் அதே பாயில் உட்கார்ந்தவர் என்பதால் அங்கே யாரும் மாதிரி இல்லை.

காமிரா இல்லாதவங்களுக்கும் வேலை இருக்கு, தோழர்களே. உறையூர் சுருட்டுக்காரர், பொன்மலைப் பட்டறைக்காரர், காந்தி மார்க்கெட் சுமைக்காரர் வீட்டுச் சுவர்களில் படங்கள் செல்லரிச்சுக்கிட்டிருக்கு. இறக்கித் துடைத்து, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்க: பேர், தெரு, செய்த வேலை, வருசம். சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே எழுதுங்க.